வேலை மாற்றமும் வீட்டுக் கணக்கும்

தேசிய அனுமதி பெற்ற லாரியை ஓட்டி, மாதம் நான்கு நாள்களே வீட்டில் தங்கும் ஓட்டுநர் ஒருவர், இரவில் வீடு திரும்பக்கூடிய உள்ளூர் வேலைக்கு மாற எண்ணுகிறார். ஊதியக் குறைவே அவரது தயக்கம். அவருக்காக நாம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நெடுந்தூர வேலையில் ஊதியமும் பேட்டாவும் ரூ.28,000 எனக் கொள்வோம். வழியில் தம் உணவுக்கும் பிற தேவைகளுக்கும் ரூ.9,000 போக எஞ்சுவது ரூ.19,000. உள்ளூர் ஊதியம் ரூ.21,000; வேலைக்குச் சென்றுவரவும் வீட்டில் கூடும் உணவுச் செலவுக்கும் ரூ.3,000 போக எஞ்சுவது ரூ.18,000. இழப்பு ரூ.7,000 அன்று, ரூ.1,000 மட்டுமே. வீட்டுக் கடன் தவணையும் குடும்பச் செலவும் ரூ.18,000-க்குள் அடங்குமாயின் அவர் துணிந்து மாறலாம்.

எனினும், மூன்று மாதத் தவணையைச் சேமித்த பின்பே பழைய வேலையை விடுதல் நன்று. வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடாமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்க. மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுச் சேவை தேவை.