கவிதைகளைக் காத்த ஆசிரியர்

வடக்கே கோல சிலாங்கூர் முதல் தெற்கே கேரித் தீவு வரை, சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்களுள் கவிதை எழுதியோரும் இருந்தனர். அவர்களின் படைப்புகளுக்கு நாளிதழ்களும் வார இதழ்களும் இடமளித்தன. ஆனால், பழைய தாள் மட்கினால் அதிலுள்ள கவிதையும் மறைந்துபோகும். இதனை உணர்ந்து செயல்பட்டவர் கவிஞர் முரசு நெடுமாறன்.

கேரித் தீவில் பிறந்த அவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்; மாணவர் பாடி மகிழச் சிறுவர் பாடல்களும் இயற்றினார். 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் தேடித் திரட்டினார். அவை 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் பெருநூலாக வெளிவந்தன.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. எனினும், முன்னோரின் குரலை அந்நூலில் நாம் கேட்கலாம். தம் பாடல்களோடு பிறர் பாடல்களையும் காத்ததே அவரது தனிச்சிறப்பு.