தேடுவதற்கு முன் கொஞ்சம் யோசி

அன்பு மருமகளுக்கு,

பள்ளிக்கூட புராஜெக்டுக்காக உங்கள் திருவனந்தபுரத்துப் பழவங்காடி கணபதி கோயிலைப் பற்றி கூகுளில் தேடியபோது வேறு ஊர்க் கதையெல்லாம் வந்து குழப்பியது என்று சொன்னாய். வரத்தான் செய்யும். பத்தனம்திட்டை மாவட்டத்தில் ரான்னி பழவங்காடி என்று ஒரு பஞ்சாயத்தே இருக்கிறது. ஆலப்புழையிலும் அந்தப் பெயரில் ஓர் இடம் உண்டு. அதனால் கோயில் இருக்கும் பகுதியான 'கிழக்கேகோட்டை' என்பதையும் சேர்த்துப் போடு. அப்புறமும் ரான்னி வந்தால், ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, அதை ஒட்டியே ரான்னி என்று அடி. விலகிவிடும்.

நீ தேடும் செய்தியை எழுதி வைத்தவர் எந்தச் சொல்லைப் போட்டு எழுதியிருப்பார்? அதை முதலில் யோசி. உதாரணமாக, நாகம் ஐயா 1906இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்' இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குள் உங்கள் நகரத்தைத் தேடினால் 'ட்ரிவாண்ட்ரம்' என்றுதான் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். இன்றைய பெயர் ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வந்தது 1991இல்தான்.

இனி சொல்வதுதான் முக்கியம். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூரின் நாயர் பட்டாளத்தார் கும்பிட்ட இந்தக் கணபதி விக்கிரகம், பட்டாளம் இடம் மாறியபோது கூடவே திருவனந்தபுரம் வந்தது என்று பல தளங்கள் சொல்லும். பலர் சொல்கிறார்கள் என்பதற்காக உடனே எழுதிக்கொள்ளாதே. அதில் ஒரு வாக்கியத்தை அப்படியே நகலெடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடிப் பார். சொல் மாறாமல் அதே வாக்கியம் பத்துத் தளங்களில் வந்தால் பத்துச் சாட்சி என்று எண்ணக்கூடாது. பெரும்பாலும் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எடுத்து ஒட்டியிருப்பார்கள். மிகப் பழைய தேதி எதில் இருக்கிறது, அதை எழுதியவர் எந்தப் புத்தகத்தைக் காட்டுகிறார் என்று பார். எதையும் காட்டவில்லையென்றால், 'கோயில் வரலாறாகச் சொல்லப்படுவது' என்று எழுது. அப்படி எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதித் தரும் பத்தியும் பெரும்பாலும் இதே போன்ற தளங்களிலிருந்து திரட்டியதுதான். அது காட்டும் இணைப்பைத் திறந்து படிக்காமல் ஒரு வரிகூட எடுக்காதே.

கேரளப் பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் உங்கள் ஊர் கைட் நிறுவனம் 2024இல் பள்ளிக் கணினிப் பாடப்புத்தகத்திலேயே பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் பாடத்தைச் சேர்த்தது. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். தம்பியின் புத்தகத்தில் இருந்தால் வாங்கிப் படி.

கட்டுரையை முடித்ததும் அனுப்பு. எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாய், எது பலித்தது என்பதையும் ஓரத்தில் குறித்து அனுப்பு.

அன்புடன்,
மாமா