முதல் பெஞ்சு யாருக்கு?

பாரபட்சம் பற்றிப் பேச யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எடுத்துக்கொள்ளும் உதாரணம், உட்காரும் இடம். பொன்மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை, கந்தல் உடுத்தியவருக்குக் காலடி என்று ஒதுக்கும் சபையை அவர் கண்டிக்கிறார். திருச்சியில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு அது வகுப்பறையைப் பார்த்து எழுதியதாகவே படுகிறது.

இந்த ஊருக்கும் அது பழைய வழக்குதான். 1760களில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் இங்கே ஊழியம் செய்தார். 1766இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயம் எழும்பியது. ஆனாலும் தஞ்சை, திருச்சிச் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கம் போகவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அது கூடாதென்று எழுதியபோது, வேதம் அறிந்தவர்களே எதிர்த்தார்கள்.

இன்று மோதிரத்தின் இடத்தில் மதிப்பெண் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் இரண்டு பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள். சென்டம் எடுப்பவளிடம், "காவிரிப் பாலத்துல டிராஃபிக்காம்மா?" என்று கேட்கிறோம். மற்றவளை வெளியே நிறுத்துகிறோம். பிள்ளைகள் நம்மை எடைபோடுவது இங்கேதான்: யாருக்கு எவ்வளவு சீக்கிரம் மன்னிப்பு கிடைக்கிறது என்பதில்.

திங்கள்தோறும் பெஞ்சு மாற்றுவது எனக்குப் பெரிதும் உதவுகிறது. விடைத்தாளின் பெயரை மடித்து வைத்துத் திருத்துகிறேன். கேள்வியை முதலில் கேட்டு, எல்லோரும் யோசிக்க நேரம் விட்டு, பிறகே பெயரைச் சொல்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் காரில் வந்தவரும் கூலிவேலையிலிருந்து ஓடிவந்தவரும் வந்த வரிசைப்படிதான்.

பின்தங்கியவரிடம் கூடுதல் நேரம் செலவிடுவதும் பாரபட்சம்தானே என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இல்லை என்பேன். லூக்கா 15இல் மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப் போகிறான். ஆனால் லேவியராகமம் 19:15 நியாயத்தீர்ப்பில் பெரியவனுக்கும் சாயாதே, ஏழைக்கும் சாயாதே என்ற பொருளில் எச்சரிக்கிறது. என் நேரத்தைத் தேவைக்கேற்பக் கொடுக்கலாம். மதிப்பெண்ணை இரக்கப்பட்டுக் கூட்டக்கூடாது.

செல்லப்பிள்ளைக்கும் பாரபட்சத்தால் நன்மை இல்லை. ஆதியாகமத்தில் செல்ல மகனுக்குப் பலவருண அங்கியைக் கொடுத்தவர் தகப்பன் யாக்கோபு. அதனால் சகோதரர்களால் குழிக்குள் தள்ளப்பட்டவன் அந்த மகன் யோசேப்பு. "டீச்சரோட செல்லம்" என்று பெயர் வாங்கிய பிள்ளை இடைவேளையில் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிப்பவளை மனதாரப் பாராட்டுங்கள். "அவளைப் பாரு, நீயும் இருக்கியே" என்று அவள் பெயரைச் சொல்லி இன்னொருவரைத் திட்டாதீர்கள்.