பப்ஸின் அடியைத் திருப்பிப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

தருமபுரிப் பக்கத்துக் கடத்தூரில் நல்ல பப்ஸ் எந்த பேக்கரியில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டால் அந்தப் பதில் செல்லாக்காசு. பெயர்ப்பலகையும் கைகொடுக்காது. பெங்களூரு சிக்பேட்டையில் 1898இல் தொடங்கிய ஐயங்கார் பேக்கரி மரபின் பெயர் இன்று தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்கள் பலவற்றில் தொங்குகிறது; பலகையில் அந்தப் பெயர் இருப்பதால் அடுப்படியில் அந்தக் கை இருக்கிறது என்றாகிவிடாது. பப்ஸ் நன்றாக இருக்குமா என்பதைக் கடையைவிட, அது அடுப்பை விட்டு இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே தேட வேண்டியது நேரத்தை.

காரணம் மாவிலேயே இருக்கிறது. மைதா மாவைத் தேய்த்து, நடுவே வெண்ணெயோ மார்ஜரினோ வனஸ்பதியோ வைத்து மூடி, மறுபடி தேய்த்து மூன்றாக மடிக்கிறார்கள். நான்கு முறை மடித்தால் கொழுப்பு 81 அடுக்காகிறது. ஆறு முறை மடித்தால் 729. ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். இடையிலுள்ள கொழுப்பு அவற்றை ஒட்டவிடாது. பப்ஸ் உப்புவது இதனால்தான், ஈஸ்ட்டால் அல்ல. சித்திரை வெயிலில் தருமபுரிப் பக்கத்துச் சமையற்கூடங்களில் வெண்ணெய் மடிப்பதற்குள் உருகி மாவோடு கலந்துவிடும். அதனால் எளிதில் இளகாத கொழுப்பை மாஸ்டர்கள் விரும்புவதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் மடிக்கும்போது இளகத் தயங்கும் கொழுப்பு வாயிலும் தயங்கும். தின்று முடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல இருந்தால், அது நம் உடல் சூட்டில் உருகாத கொழுப்பு.

அடுப்பை விட்டு இறங்கிய நொடியிலிருந்து எல்லாம் தலைகீழாக நடக்கிறது. வெங்காய மசாலாவின் ஈரம் மெல்ல மாவுக்குள் இறங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு போட்டு வைத்தால் சூடு கொஞ்சம் நிற்கும். பப்ஸ் விடும் ஆவியும் உள்ளேயே நிற்கும். மேல்தோல் முட்டைப் பூச்சின் மினுமினுப்போடு மாலை வரை ஏமாற்றும். அடிப்பாகத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வாங்கியதும் திருப்பிப் பார்: அடி பழுப்பாக, உலர்ந்து, ஓரத்தில் அடுக்குகள் எண்ணும்படி பிரிந்திருந்தால் சரி. வெளுத்து, விரல் பட்டால் பிசுபிசுத்து, பச்சை மாவுக் கோடு தெரிந்தால் அது சரியாக வேகவில்லை, அல்லது நனைந்துவிட்டது.

மசாலாதானே ருசி, மேல்மாவைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று நீ கேட்கலாம். மசாலா மட்டும் போதுமென்றால் போண்டா போதும். ஆஸ்திரேலியாவில் இறைச்சி அடைத்த மீட் பை சாப்பிடுகிறவர்களும் உள்ளே இருக்கும் குழம்பைப் பார்ப்பது போலவே, அடி ஊறிப்போகாமல் அதைத் தாங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். மைக்ரோவேவில் சூடாக்கித் தந்தால் பழையது புதிதாகாதா என்பது அடுத்த கேள்வி. சூடாகும், மொறுமொறுப்பாகாது, உள்ளிருக்கும் ஈரம் கிளம்பி மாவைத் தோலாக்கிவிடும். அடுப்பில் மறுபடி வைத்தால் ஓரளவு மீளும். முட்டை பப்ஸ் பழையதானால் சிக்கல் ருசியோடு முடிவதும் இல்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பல்பு எரிகிறது என்பதாலேயே பெட்டிக்குள் 60 டிகிரி வந்துவிடாது.

டவுனில் உள்ள பெரிய பேக்கரியில்தான் நல்லது கிடைக்கும் என்பாரும் உண்டு. கொழுப்பின் தரத்தில் அது உண்மையாக இருக்கலாம். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 முதல் எல்லாருக்கும் பொதுவானது என்றாலும், அதைச் சரிபார்த்து வாங்கும் வசதி பெரிய கடைக்கு அதிகம். ஆனால் அங்கே வாங்கி, பேருந்தில் பொட்டலத்துக்குள் வியர்த்தபடி ஊர் வந்து சேரும் பப்ஸைவிட, இங்கே சாதாரணக் கடையில் தட்டிலிருந்து நேரே கைக்கு வருவது மேல் என்பதே என் தீர்ப்பு.

எனவே கல்லாவில் இருப்பவரிடம், “அண்ணா, பப்ஸ் எத்தனை மணிக்கு எடுப்பீங்க?” என்று கேள். பள்ளி விடும் நேரத்துக்கும் மாலை டீக்கும் சற்று முன்பு எடுக்கும் கடைகள் உண்டு. காலையில் ஒரே தடவை சுட்டு நாள் முழுக்க விற்பவையும் உண்டு. சந்தை கூடும் நாளில் சரக்கு வேகமாகத் தீர்வதால் புதிதாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். என்ன கொழுப்பு போடுகிறார்கள் என்றும் கூச்சப்படாமல் கேட்டுவிடு. இந்த இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்கிற கடையில் வாங்கு.

அன்புடன்,
அண்ணன்