மின்சாரக் காரும் மென்பொருள் மாற்றமும் - ஓர் ஆய்வு

பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்

வாங்கிய பொருள், தேய்மானம் நீங்கலாக, வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும் என்பதுதான் நாம் இதுவரை கண்ட வழக்கம். தையல் இயந்திரத்தை விற்ற கம்பெனிக்காரர் நள்ளிரவில் நம் வீட்டுக்குள் வந்து பல்சக்கரத்தை மாற்றிவிட்டுப் போவதில்லை. எங்கள் திரேஸ்புரம் கரையில் நிற்கும் வள்ளங்களின் இஞ்சினும் அவ்வாறே. பிரித்தால் நாம் பிரிக்க வேண்டும். கெடுத்தால் நாம் கெடுக்க வேண்டும். ஆனால் இன்று சாலையில் ஓடும் மின்சாரக் கார் அப்படிப்பட்டதன்று. அதைச் செய்து விற்ற நிறுவனம் எங்கோ ஒரு நகரத்தில் இருந்துகொண்டே, செல்போனுக்குச் செய்தி அனுப்புவதைப்போல, அதன் நடத்தையை மாற்ற முடியும். இதனைச் ‘சாப்ட்வேர் அப்டேட்’ என்பர். இக்கட்டுரையில் மென்பொருள் மாற்றம் என்று குறிப்பிடுகிறேன். இம்மாற்றத்தால் கார்க்காரர்கள் கண்ட நன்மை தீமைகளையும், அவற்றுக்குப் பின்னே உள்ள இயற்பியலையும் ஆராய்வதே என் நோக்கமாகும்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் தாய்மாமன். அவர் பல ஆண்டுகள் சங்கு குளித்தவர். காது கெட்டுப்போன பிறகு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கடன் வாங்கிப் பழைய மின்சாரக் கார் ஒன்றை எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறார். வாகைக்குளம் விமான நிலையம், திருச்செந்தூர், திருநெல்வேலி என்று சவாரி கிடைக்கும். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. கடந்த குற்றாலச் சீசனில் ஒரு நாள் காலையில் வண்டியை எடுத்தவர் திகைத்து நின்றுவிட்டார். முதல்நாள் வரை முழு சார்ஜில் 240 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டிய திரை, அன்று 205 என்று காட்டியது. இரவில் மென்பொருள் மாற்றம் நடந்திருக்கிறது.

“ஏல, ராத்திரியோட ராத்திரியா முப்பத்தஞ்சு கிலோமீட்டர எவன்ல களவாண்டான்? நீ காலேஜில படிக்கியே, கண்டுபிடிச்சுச் சொல்லு” என்றார் மாமா.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆதலால் மிக்சி கெட்டாலும், ரேஷன் கார்டில் பெயர் பிழையானாலும் என்னிடமே வருவார்கள். இதுவும் வந்தது.

மாமா சர்வீஸ் நிலையத்திற்குப் போய்க் கேட்டார். “அப்டேட் ஆகியிருக்கு, வண்டி நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குற்றாலம் போய்த் திரும்ப இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். முன்பெல்லாம் அங்கே சிறிது சார்ஜ் ஏற்றிக்கொண்டு நிம்மதியாகத் திரும்புவார். இப்போது, குழந்தை குட்டிகளோடு வரும் குடும்பத்தை நடுவழியில் நிறுத்திவிட நேருமோ என்று அஞ்சி, மூன்று வாரம் நெடுந்தூரச் சவாரிகளையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மாதத் தவணைக்கு அத்தையின் கம்மல் அடகுக்குப் போயிற்று.

இனி இயற்பியலுக்கு வருவோம்.

இஞ்சின் டேங்கில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அறிய எங்கள் ஆட்கள் ஒரு குச்சியை விட்டு, அது நனைந்த உயரத்தைப் பார்ப்பார்கள். இதில் ஐயத்துக்கு இடமில்லை. பேட்டரிக்குள் குச்சி விட முடியாது. உள்ளே எவ்வளவு மின்னாற்றல் இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் நேரே அளப்பதில்லை. காரில் உள்ள கணிப்பொறி அதை ஊகித்தே சொல்கிறது. இந்த ஊகத்திற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, செல்லின் வோல்ட்டேஜைப் பார்ப்பது. பொதுவான லித்தியம் அயனி செல் ஒன்று நிறைந்திருக்கையில் ஏறத்தாழ 4.2 வோல்ட்டும், காலியாகும்போது 3 வோல்ட்டும் காட்டும். ஆனால் இரும்பு பாஸ்பேட் சேர்ந்த லித்தியம் செல்களில் இந்த வழி சங்கடமானது. அவற்றின் வோல்ட்டேஜ், நடுப்பகுதி முழுவதும் 3.2, 3.3 என்று ஏறக்குறைய மாறாமலே நிற்கும். பாதி இருந்தாலும் முக்கால் இருந்தாலும் ஒரே முகம். இரண்டாவது வழி, உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் நேரத்தால் பெருக்கிக் கூட்டிக் கழிப்பது. தினமும் சில்லறை விடுபடும் கடைக்கணக்கைப் போல இதில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இவ்விரண்டு வழிகளையும் கலந்தே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அந்த முடிவைக் கொண்டு, ‘இந்த ஓட்டுநர் ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு செலவழிப்பார்’ என்ற மற்றோர் ஊகத்தால் வகுத்த பிறகுதான் திரையில் கிலோமீட்டர் தோன்றுகிறது.

எனவே மூன்று வெவ்வேறு எண்களை நாம் பிரித்து அறிய வேண்டும். பேட்டரியில் உண்மையாகவே அடங்கும் யூனிட் ஒன்று. (மின்வாரிய மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான்.) அதில் நம்மைப் பயன்படுத்தக் கணிப்பொறி அனுமதிக்கும் பங்கு இரண்டு. திரையில் காட்டும் ஊகம் மூன்று. முதல் எண்ணை எந்த மென்பொருளும் கூட்ட முடியாது. அது வேதியியலின் ஆட்சிக்கு உட்பட்டது. மற்ற இரண்டையும் மென்பொருள் ஒரே இரவில் மாற்றிவிடும்.

இரண்டாவது எண் மாறியதற்கு அமெரிக்காவில் இரு நிகழ்ச்சிகள் உள்ளன. 2017 செப்டம்பரில் இர்மா என்னும் பெரும்புயல் புளோரிடா மாநிலத்தை நெருங்கியபோது மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அங்கே சில டெஸ்லா கார்களில் 75 யூனிட் பேட்டரியைப் பொருத்தி, 60 யூனிட்டுக்கு மேல் பயன்படாதபடி மென்பொருளால் பூட்டி, குறைந்த விலைக்கு விற்றிருந்தார்கள். புயல் நேரத்தில் அந்தப் பூட்டை நிறுவனம் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. கார்கள் கூடுதல் தூரம் ஓடின. புயலுக்கு ஓடிப் பழகிய கடற்கரை ஊரான் என்ற முறையில் இதை நான் பாராட்டுகிறேன். ஆயினும் ஒரு கேள்வி நிற்கிறது. அந்தப் பதினைந்து யூனிட்டும் முதல்நாளிலிருந்தே அவர்கள் வண்டிக்குள்தானே சுமையாய்க் கிடந்தது?

அடுத்தது நேர்மாறானது. 2019-இல் அதே நிறுவனம் தன் பழைய மாடல் எஸ் கார்கள் சிலவற்றில், பேட்டரி ஏறக்கூடிய உச்ச வோல்ட்டேஜை மென்பொருள் வழியே குறைத்தது. பாதுகாப்புக்காகவும் பேட்டரியின் ஆயுளுக்காகவும் என்று காரணம் கூறப்பட்டது. செல்லை முழு 4.2 வோல்ட்டுக்கு ஏற்றாமல் சற்றுக் கீழே நிறுத்தினால் அது நீண்டநாள் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கார்க்காரர்களுக்கோ முழு சார்ஜில் ஓடும் தூரம் குறைந்துபோயிற்று. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2021-இல் 15 லட்சம் டாலருக்கு வழக்குச் சமரசமாகி, 1,743 கார்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 625 டாலர் என்று முடிவாயிற்று. பின்னர் வந்த மாற்றங்களில் வோல்ட்டேஜும் படிப்படியாகத் திருப்பித் தரப்பட்டது. ‘களவாண்டான்’ என்ற என் மாமாவின் சொல் அங்கே பொருந்தியிருக்கும்.

நன்மையும் இல்லாமல் இல்லை. 2018-இல் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து பிரேக் பிடித்தால் வண்டி நிற்க 152 அடி ஆயிற்று. இது மிக அதிகம் என்று அவ்வமைப்பு குறை கூறியது. சில நாட்களில் மென்பொருள் மாற்றம் வந்தது. அதே கார் 133 அடியில் நின்றது. பத்தொன்பது அடி என்பது ஒரு மனிதனின் உயிர். பட்டறையில் ஒரு திருகும் திருகாமல் இது நடந்தது என்பதை எண்ணுங்கால் வியப்பே மேலிடுகிறது.

ஆனால் எல்லாக் கோளாற்றையும் மென்பொருள் தீர்த்துவிடுமா? இதற்கு விடை நம் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு காரிலேயே இருக்கிறது. ஹூண்டாய் நிறுவனத்தின் கோனா மின்சாரக் கார் 2019 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலுள்ள ஆலையில் அது பூட்டப்பட்டது. தென்கொரியாவிலும் பிற நாடுகளிலும் சில கோனா கார்கள் தீப்பற்றின. 2020 அக்டோபரில் கொரியாவில் மட்டும் 25,564 கார்களுக்கு அழைப்பு விடுத்து, பேட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருளை மாற்றினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவிலும் 456 கார்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டன. பிறகு நடந்ததே பாடம். 2021 ஜனவரியில், மென்பொருள் மாற்றம் பெற்றுவிட்ட ஒரு கார் கொரியாவின் டேகு நகரில் தீப்பிடித்தது. சில செல்களுக்குள் மின்வாய்த் தகட்டின் முனை மடிந்திருந்ததே காரணமாகலாம் என்று அந்நாட்டு அரசின் ஆய்வு கூறியது. 2021 பிப்ரவரியில், உலகெங்கும் சுமார் 82,000 வண்டிகளின் பேட்டரியையே மாற்றித் தர நிறுவனம் முடிவு செய்தது. அதுவரை 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்று கார்க்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. மடிந்த தகட்டை எழுத்தாலும் எண்ணாலும் நிமிர்த்த முடியவில்லை.

இவ்வளவும் படித்தபின் மாமாவின் காரில் மாறியது மூன்றில் எந்த எண் என்று அறிவதே என் வேலையாயிற்று. இதற்கு உதவியது அவருடைய நோட்டு. வள்ளத்தில் போன காலத்தில் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை சங்கு, ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிவைத்துப் பழகியவர் அவர். அதே பழக்கத்தில் காருக்கும் தேதி, ஓடிய தூரம், வீட்டு மீட்டரில் ஏறிய யூனிட் எல்லாம் எழுதி வைத்திருந்தார். எனக்குக் கிடைத்த ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளில் இதைவிட ஒழுங்கானதை நான் கண்டதில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவே. திரையில் 20 சதவீதம் காட்டும்வரை ஓட்டிவந்து, அங்கிருந்து முழுமைக்கு ஏற்ற எத்தனை யூனிட் ஆகிறது என்று மீட்டரில் பார்த்தோம். சார்ஜரில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும் என்பதால் மீட்டர் யூனிட்டும் பேட்டரி யூனிட்டும் ஒன்றல்ல. ஆனால் முன்னும் பின்னும் அதே சார்ஜர். எனவே ஒப்பிடுவதற்குத் தடையில்லை. பிறகு, திருநெல்வேலிக்கு அதே சாலையில் அதே வேகத்தில், ஏ.சி. போட்டுப் போய்வந்து, கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று வகுத்தோம். பழைய பதிவுகளோடு வைத்துப் பார்த்தால் இரண்டிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வண்டி முன்பு ஓடிய தூரமே இப்போதும் ஓடுகிறது. மாறியது மூன்றாவது எண்ணாகிய ஊகம் மட்டுமே. முன்பு 240 என்று காட்டியபோதும் அது 240 ஓடியதில்லை என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. புதிய மென்பொருள் உண்மைக்கு அருகில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே காரை வைத்து எல்லாக் கார்களுக்கும் முடிவு கூறுதல் முறையாகாது. எனினும் இச்சோதனையை எவரும் தம் வீட்டு மீட்டரைக் கொண்டே செய்து பார்க்கலாம். குறைந்தது சார்ஜ் யூனிட்டானால் அமெரிக்கக்காரர்களைப் போலக் கேட்க வேண்டியதுதான். குறைந்தது திரை எண்ணானால் அஞ்ச வேண்டியதில்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் மகிழவில்லை. “அப்போ மூணு வாரத்துக்கு முந்தியே இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னல?” என்றார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. மாற்றம் வந்த அன்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்ததாம். அதைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். ‘செயல்திறன் மேம்பாடும் பிழை திருத்தமும்’ என்பதே அதன் பொருள். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் அந்த வரியில் செய்தி எதுவும் இல்லை. திருத்தத்தால் எது மாறும் என்பதை வண்டிக்காரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் 156-ஆம் வாகன ஒழுங்குவிதி கூறுகிறது. நம் நாட்டிலும் இதற்காக ஏ.ஐ.எஸ். 190 என்னும் தரவிதி எழுதப்பட்டிருக்கிறது. தெரிவிப்பது என்றால் எந்த மொழியில், எவ்வளவு விளக்கமாக என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மேலும் ஒன்று: வாடகைக்கு ஓட்டுபவர் வியாபாரி ஆயிற்றே, அவருக்கு நுகர்வோர் சட்டம் பொருந்துமா என்று மாமா கேட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய பொருளானால் அவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

இதெல்லாம் வெளியூர்ச் சங்கதி என்று நாம் இருந்துவிட முடியாது. 2025 ஆகஸ்ட் 4-ஆம் நாள் நம் தூத்துக்குடியிலேயே, சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில், வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது தொடக்க இலக்கு. அதே நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய விஎப் 8 கார்களில் 999-ஐ 2023-இல், ஓடும்போது திரை இருண்டுபோகலாம் என்ற கோளாற்றுக்காகத் திரும்ப அழைத்ததும், அக்கோளாறு மென்பொருள் மாற்றத்தாலேயே திருத்தப்பட்டதும் பதிவான செய்திகள். இனி நம் ஊர்ப் பிள்ளைகள் பூட்டி அனுப்பும் கார்களும் இவ்வாறே தொலைவிலிருந்து மாற்றப்படும். அந்த ஒரு வரியைத் தமிழிலும் புரியும்படி எழுதித் தரும் வேலைக்கு நம் கல்லூரி மாணவர் யாரேனும் போனால் நன்றாயிருக்கும்.

மாமா அடுத்த ஞாயிறே ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போய்வந்தார். சீசன் முடியும் தறுவாய். அருவியில் தண்ணீர் குறைவாம். இப்போது அவர் நோட்டில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார். அதன் தலைப்பு: ‘அப்டேட் தேதி.’