புகையும் பனியும்: கணினி ஒற்றாடல் பற்றிய வதந்திகளை ஆராயுமாறு

அரசர் ஒற்றரை ஆளுதல் பழைய வழக்கம். திருக்குறளிலே ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் அமைந்திருத்தலை மாணவர் அறிவர். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிற ஒற்றர் கொணர்ந்தவற்றோடு ஒத்துப்பார்த்த பின்னரே அரசன் கொள்ளுதல் வேண்டுமென்பது அங்கே வற்புறுத்தப்பட்ட கருத்துக்களுள் ஒன்று. ஒற்றன் சொல்லுக்கே இத்துணைச் சோதனை வேண்டுமாயின், ஒற்றரைப்பற்றி ஊரார் கூறுஞ் சொல்லுக்கு எத்துணைச் சோதனை வேண்டும்!

கணினி வீடுதோறும் புகுந்த காலந்தொட்டு ஒரு வதந்தியும் அதனுடன் புகுந்துள்ளது. “அரசாங்கத்தார் இதனுள்ளே இரகசிய வாயில் ஒன்றை வைத்திருக்கின்றனர், நாம் எழுதுவன யாவற்றையும் அவர்கள் வாசிக்கின்றனர்” என்பதே அது. இதனைக் கேட்போர் இருதிறத்தினர். ஒருசாரார் கேட்ட மாத்திரத்தே நம்பி, அஞ்சிப், பிறர்க்கும் உரைப்பர். மற்றொரு சாரார் கேட்ட மாத்திரத்தே நகைத்து ஒதுக்குவர். இருசாராரும் செய்யாதது ஒன்றே, அஃது ஆராய்தல். முன்னவர் அச்சத்தினாலே தம் கருத்தை எழுதாதொழிவர். பின்னவர் காவாதிருந்து தம் மறையை இழப்பர். ஆகவே இரு பிழைக்கும் விலை உண்டு.

காண்டல், கருதல், உரை எனப் பொருளை அறியும் அளவைகளை நம் அளவைநூலார் வகுத்தனர். கண்ணாற் காண்பது காண்டல். கண்ட ஏதுவைக்கொண்டு காணாததை உணர்வது கருதல். மலையிலே புகை கண்டு அங்குத் தீயுண்டெனத் துணிதல் அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. உண்மையறிந்து உள்ளவாறு உரைப்போன் வாய்மொழியே உரையளவையாகும். யார் கண்டார், யார் சொன்னார் என்பது தெரியாத வதந்தி அதன்பாற் படாது. எனினும், தூரத்துப் பனியைப் புகையென மயங்குவதும் உண்டு. உண்மைப் புகையைப் பனியென ஒதுக்குவதும் உண்டு. கணினி வரலாற்றிலே நிகழ்ந்த சிலவற்றை இவ்வளவைகளால் ஆராய்வோம். உலகோர் பயன்படுத்தும் மென்பொருள்களிற் பெரும்பாலன அமெரிக்காவிலே ஆக்கப்பட்டமையால், இந்நிகழ்ச்சிகளும் அந்நாட்டைச் சார்ந்தனவேயாம்.

பெயரைக்கொண்டு கருதியது

1999ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே கனடாவைச் சேர்ந்த அன்றூ பெர்னாண்டஸ் என்னும் மறைகுறி ஆய்வாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் மென்பொருள், மறைகுறி வேலை செய்யும் பகுதி எதனையும் ஏற்குமுன்னர் அதன்மேல் உரிய முத்திரை உண்டோவென அக்காலத்திலே சோதித்துவந்தது. அச்சோதனைக்கு இரண்டு திறவுகோல்கள் உள்ளே வைக்கப்பட்டிருந்தன. விண்டோஸ் என்.ரி. 4.0 இன் ஐந்தாந் திருத்தத் தொகுதியிலே, வழக்கமாக நீக்கப்படும் உட்பெயர்கள் நீக்கப்படாமல் வெளிவந்துவிட்டன. அவற்றை நோக்கியபோது இரண்டாந் திறவுகோலின் பெயரிலே “என்.எஸ்.ஏ.” என்னும் எழுத்துக்கள் காணப்பட்டன. அவை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் முதலெழுத்துக்கள். பிறநாட்டுச் செய்திகளை ஒட்டுக்கேட்டலே அம்முகவரகத்தின் தலையாய தொழில். செய்தி உலகெங்கும் பரந்தது. விண்டோஸ் உள்ள கணினி ஒவ்வொன்றும் அம்முகவரகத்துக்குத் திறந்து கிடக்கின்றதென்ற பேச்சு எழுந்தது.

நிறுவனத்தார் அதனை மறுத்தனர். மறைகுறி மென்பொருள் ஏற்றுமதிக்கான தொழினுட்பச் சோதனை அம்முகவரகத்தின் பொறுப்பென்றும், அவ்விதிக்கு இணங்க வைத்த திறவுகோலாதலின் அப்பெயர் இடப்பட்டதென்றும், அது தம் கையிலன்றிப் பிறர் கையில் இல்லையென்றும் கூறினர். இவ்விளக்கம் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. ஆயின் புரூஸ் ஷ்னையர் என்னும் மறைகுறி அறிஞர் வேறொரு வழியாற் சிந்தித்தார். உள்நுழைய விரும்பும் முகவரகத்துக்கு இரண்டாந் திறவுகோல் எதற்கு? முதற் றிறவுகோலையே இரகசியமாகப் பெறலாமன்றோ? அன்றியும், களவாக வைக்கும் பொருளின்மேல் எவராவது தம் பெயரைப் பொறிப்பாரோ?

மேலும் ஒன்று நோக்கத்தக்கது. அத்திறவுகோல் உடையார் செய்யக்கூடியது, மறைகுறிப் பகுதியொன்றுக்கு முத்திரையிடுதலே. அப்பகுதியைப் பிறர் கணினியிலே கொண்டுபோய் வைக்க வேறு வழி வேண்டும். அவ்வழி உடையார்க்கு இத்திறவுகோல் மிகுதியும் வேண்டுவதன்று. அத்திறவுகோல் ஒற்றாடலுக்கு வைக்கப்பட்டதென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. இங்கே கண்டது ஒரு பெயர். கருதியது ஒரு சதி. பெயர்மட்டும் ஏதுவாகாது.

செய்தவரே சொன்னது

இதனைப் பனியென அறிந்தோர், இத்தகைய பேச்செல்லாம் பனியே என முடிவு செய்தல் தகாது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே உண்மைப் புகை எழுந்திருந்தது. 1990களிலே வலிய மறைகுறியை அமெரிக்கா ஏற்றுமதி செய்ய விடுவதில்லை; பொதுவாக 40 பிற்று நீளமுள்ள திறவுகோலே வெளிநாட்டாருக்குக் கிடைத்தது. பிற்று என்பது 0 அல்லது 1 ஆகிய ஓரிலக்கம். லோட்டஸ் நோட்ஸ் என்னும் அஞ்சல் மென்பொருளை ஆக்கியோர், வெளிநாட்டார்க்கும் 64 பிற்றுத் திறவுகோல் கொடுக்க விரும்பி, 1996ஆம் ஆண்டிலே அரசாங்கத்தோடு ஓர் உடன்பாடு செய்தனர். அதன்படி 64 பிற்றுக்களுள் 24ஐ அம்முகவரகம் மாத்திரமே திறக்கத்தக்கதாகப் பூட்டி, ஒவ்வொரு செய்தியோடும் சேர்த்து அனுப்பினர். பிறர்க்கு 64 பிற்றுப் பூட்டு. முகவரகத்துக்கோ 40 பிற்றுப் பூட்டு. பிறரினும் அவர்க்குத் திறத்தல் 1 கோடியே 67 இலட்சம் மடங்குக்கு மேல் எளிதாயிற்று.

இது களவாகச் செய்யப்பட்டதன்று. ஆக்கியோர் வெளிப்படையாகவே அறிவித்திருந்தனர். ஆயினும், சுவீடன் நாட்டிலே அம்மென்பொருளைப் பயன்படுத்திய பாராளுமன்ற உறுப்பினரும் அரச அலுவலரும் 1997ஆம் ஆண்டிலே பத்திரிகை வாயிலாக இதனை அறிந்து திகைத்தனர். வதந்தியை ஆராய்வோர், அச்சிட்டு வெளியிடப்பட்டதை வாசியாதிருத்தலும் பிழையே.

கணக்கைக்கொண்டு கருதியது

நன்றாகக் கருதுதல் எத்தன்மையதென்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி சான்று. மறைகுறிக்கு எவரும் முன்னறிய முடியாத எழுமாற்று எண்கள் வேண்டும். 2006ஆம் ஆண்டிலே அமெரிக்க நியமங்கள் தொழினுட்ப நிறுவனம் அவ்வெண்களை ஆக்கும் முறைகள் சிலவற்றை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று நீள்வளைய வளையியின்மீதுள்ள இரு புள்ளிகளை அடிப்படையாகக் கொண்டது. அப்புள்ளிகள் எவ்வாறு தெரியப்பட்டன என்பது கூறப்படவில்லை. 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே டான் ஷுமோ, நீல்ஸ் பேர்கசன் என்னும் இருவர் அறிஞர் மாநாடொன்றிலே, அவ்விரு புள்ளிகளுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஒருவர் அறிந்திருப்பாராயின், வெளிவந்த சிறிதளவு எண்களைக்கொண்டே இனி வருவனவற்றைக் கணித்துவிடலாமெனக் காட்டினர்.

மாணவர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது அவர்கள் பேசிய முறை. இங்கே வாயில் இருத்தல் கூடும் என்றனர். வேண்டுமென்றே வைத்தனர் என்று தாம் கூறவில்லையெனவும் தெளிவாக உரைத்தனர். கணக்கு எவ்வளவு தூரஞ் சென்றதோ அவ்வளவு தூரமே அவர்கள் சொல்லுஞ் சென்றது. ஆறாண்டு கழித்து, 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, அம்முகவரகத்தின் உள்ளாவணங்களை ஆதாரமாகக்கொண்டு பத்திரிகைகள் எழுதியபோது ஐயம் வலுப்பெற்றது. நியம நிறுவனமே அம்முறையைப் பயன்படுத்தற்க என அறிவுறுத்தி, 2014ஆம் ஆண்டிலே தன் பட்டியலினின்றும் அதனை நீக்கியது.

வதந்தி சுட்டாத இடம்

அவ்வாவணங்களை வெளிப்படுத்தியவர், முகவரகத்தின் ஒப்பந்தப் பணியாளராயிருந்த எட்வேட் சினோடன். 2013ஆம் ஆண்டு யூன் மாதந் தொடங்கி அவை பத்திரிகைகளில் வெளிவந்தன. அவற்றினால் விளங்கியது யாது? பெரிய இணைய நிறுவனங்களின் களஞ்சியங்களிலுள்ள அஞ்சல்களை அமெரிக்கச் சட்டத்தின் துணைகொண்டு பெறுதலும், நாடுகளை இணைக்கும் வடங்களிலே ஓடுஞ் செய்திகளைத் திரட்டுதலும் பேரளவிலே நடந்தன என்பது. தெரிந்தெடுத்த சிலரின் கணினிகளுட் புகுதலும் நடந்ததுண்டு. எனினும் பேரளவான திரட்டல் நிகழ்ந்தது மேசைமேலுள்ள கணினியிலன்று; செய்தி செல்லும் வழியிலும் அது சென்று தங்கும் இடத்திலுமேயாம். ஊரார் வீட்டுக் கதவையே நோக்கிக்கொண்டிருந்தனர். கடிதங்களோ தபாற்கந்தோரிலே பார்க்கப்பட்டன. வதந்தி முழுப்பொய்யுமன்று, மெய்யுமன்று. இடம் மாறிச் சுட்டியது. இடம் மாறிய அச்சம் காவலையும் இடம் மாற்றிவிடும் என்பதே அதனால் விளையுங் கேடு.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முறை எளியது. ஒற்றாடல் பற்றிய செய்தியொன்று கைக்கு வரும்போது சில வினாக்களை எழுப்புக. இதனைக் கண்டவர் யார்? அவர் கண்டது யாது, அதிலிருந்து கருதியது யாது? அவர் காட்டிய சோதனையைப் பிறர் தாமுஞ் செய்து பார்த்தனரோ? குற்றஞ் சாட்டப்பட்டோர் கூறும் மறுமொழி யாது; அம்மறுமொழி எதனை விளக்குகின்றது, எதனை விளக்காது விடுகின்றது? இவற்றுக்கு விடையில்லாச் செய்தியைப் பிறர்க்கு அனுப்பாது வைத்திருத்தல் நன்று. விடை உள்ளதாயின், கேட்போர் நகைப்பினும் அதனை மறைத்தல் தகாது.

முடிவு தெரியாதவிடத்து “இன்னும் துணியப்படவில்லை” என்று கூறுதல் கற்றவர்க்கு இழுக்கன்று. 2007ஆம் ஆண்டிலே மாநாட்டில் நின்ற அவ்விருவரும் அதனையே கூறினர். அவர்கள் அன்று மிகைப்படக் கூறியிருப்பின், நகைத்து ஒதுக்கப்பட்டிருத்தல் கூடும். அஞ்சி வாளாவிருந்திருப்பின், பழுதுள்ள பூட்டை உலகம் நம்பியிருக்கும். அளவறிந்து கூறியமையாலேயே அவர்கள் சொல் நிலைத்தது. வகுப்பறையிலே புகையையும் தீயையும் சொல்லித் தரும் அளவைப் பாடம், கணினியின் முன்னிருக்கும் மாணவனுக்கும் வேண்டப்படும் பாடமேயாம்.