தண்ணீர் வலம் வருமா?

பௌர்ணமி கிரிவலம் முடித்து விடியற்காலையில் எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணன் மகன், வாஷ்பேசினில் முகம் கழுவிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். "சித்தப்பா, இங்க வந்து பாருங்க. தண்ணிகூட வலமாத்தான் சுத்துது" என்றான். ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் கடிகார முள் போகும் திசையில், வலஞ்சுழியாகச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. பூமி சுழல்வதால் வடகோளத்தில் தண்ணீர் ஒரு பக்கமும் தென்கோளத்தில் மறுபக்கமும் சுழலும் என்று எங்கோ படித்திருக்கிறான். பூமியும் வலம் வருகிறது, தண்ணீரும் வலம் வருகிறது என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான்.

"அடைச்சு வச்சு இன்னொரு வாட்டி ரொப்பு. இந்த வாட்டி குழாய்த் தண்ணியைக் கையால அந்தப் பக்கமாத் திருப்பி விடு" என்றேன். ரொப்பினான், அடைப்பை எடுத்தான். தண்ணீர் இடஞ்சுழியாக இறங்கியது. அவன் முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்துக்காகவே இதை எழுதுகிறேன். அவன் நம்பியதில் பாதி உண்மை. ஆனால் பேசினில் அது பலிக்காது.

துருவத்தில் நின்றால் காலடித் தரை ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றிவிடும். பூமத்திய ரேகையில் அந்தச் சுற்று அறவே இல்லை. திருவண்ணாமலை வடக்கே பன்னிரண்டேகால் பாகை அளவில் இருக்கிறது. இங்கே தரை ஒரு முழுச் சுற்று சுற்ற ஏறத்தாழ 113 மணி நேரம், அதாவது நாலே முக்கால் நாள் ஆகும். பேசின் காலியாவதோ அரை நிமிடத்தில். அந்த அரை நிமிடத்துக்குள் பூமியால் அந்தத் தண்ணீரைத் திருப்ப முடியாது.

பிறகு திருப்புவது எது? தண்ணீரின் பழைய அசைவுதான். குழாயிலிருந்து விழும்போது எந்தப் பக்கச் சுவரில் மோதியதோ, கை எந்தப் பக்கம் அலசியதோ, அந்த மெல்லிய ஓட்டம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். ஓட்டையை நோக்கிக் குறுகும்போது அது பெருகும். ஒரு கணக்குப் பாருங்கள். ஓட்டையிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கும் தண்ணீர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஆமை வேகத்தில் நகர்கிறது. அதே தண்ணீர் 1 செ.மீ. அருகே வரும்போது சுற்றும் வேகம் 225 மடங்காகும். உரசலில் போவதை விட்டுவிட்டால், ஏறத்தாழ 1.3 நொடிக்கு ஒரு சுற்று! நிற்பதாக நாம் நினைத்த தண்ணீர்தான் இப்படிச் சுழல்கிறது.

பூமியின் கையை வீட்டளவில் பார்க்கவே முடியாதா என்றால், முடியும். பொறுமை வேண்டும். 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷாபிரோ ஆறடி அகலமும் ஆறு அங்குல ஆழமும் கொண்ட தொட்டியை நிரப்பினார். வேண்டுமென்றே வலஞ்சுழியாகச் சுழலும்படி நிரப்பி, மூடி, 24 மணி நேரம் ஆடாமல் அசையாமல் வைத்திருந்தார். சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீரை இறக்கியபோது வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் தண்ணீர் இடஞ்சுழியாகத் திரும்பியது. வடகோளத்துக்கு எதிர்பார்த்த திசை அதுதான். 1965-ல் சிட்னியில் செய்தவர்களுக்கு வலஞ்சுழி கிடைத்தது. எம்.ஐ.டி. இருக்கும் இடத்தில் பூமியின் இந்தப் பிடி நம் ஊரில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. அங்கேயே ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள். கென்யாவின் நன்யூகியில் பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சற்றுத் தூரம் நடந்து, பாத்திரத்துத் தண்ணீரைத் திசை மாற்றிக் காட்டுகிறார்கள். அது ஊற்றும் கையின் வித்தை.

பையனின் இன்னொரு முடிச்சையும் அவிழ்க்க வேண்டும். கோயிலையும் மலையையும் வலம் வருவது பூமி சுழலும் திசையில் நடப்பது என்று பலர் சொல்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். வடகோளத்தில் உயரத்திலிருந்து பார்த்தால் தரை இடஞ்சுழியாகத்தான் திரும்புகிறது. கிரிவலம் வலஞ்சுழி. இரண்டும் எதிரெதிர். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அண்ணாமலையாரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்கிறோம் என்ற மரியாதைக்குப் பூகோளத்தின் சான்றிதழ் தேவையில்லை.

சுழலும் தண்ணீர் கனமானதை வெளியே தள்ளும் என்பது அடுத்த நம்பிக்கை. வீட்டில் அரிசி களைபவர்கள் இதைத் தினமும் பொய்யாக்குகிறார்கள். குண்டானில் நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு பிடி அரிசியைக் கையால் நன்றாகச் சுழற்றிவிட்டுக் கையை எடுங்கள். முதலில் அரிசி சிதறும். சுழற்சி தணியத் தணிய, அடியில் ஓரத்து மணிகள் ஊர்ந்து ஊர்ந்து நடுவில் வந்து குவியும். டம்ளரில் டீத்தூளும் அப்படித்தான். அடித்தண்ணீர் பாத்திரத்தில் உரசி வேகம் இழக்கிறது. மேல்தண்ணீரின் அழுத்தம் அதை நடுவை நோக்கித் தள்ளுகிறது. வந்த தண்ணீர் நடுவில் மேலே எழும்புகிறது. 1926-ல் ஐன்ஸ்டைன் தேநீர்க் கோப்பையை வைத்து இதை விளக்கினார். அவர் விளக்க வந்தது ஆறுகள் வளைந்து வளைந்து ஓடுவதை. வளைவில் வெளிக்கரை அரிபடும், உட்கரையில் மணல் சேரும். காவிரி வலமாகத் திரும்புவதால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் கும்பகோணத்துத் திருவலஞ்சுழிக்கும் நம் வீட்டு அரிசிக் குண்டானுக்கும் ஒரே விதிதான்.

இனி கடல். கடற்சுழி என்றதும் கப்பலை விழுங்கும் புனல் போன்ற பள்ளம்தான் பலருக்கு மனதில் வருகிறது. வங்கக் கடலின் சுழிகள் நூறு, இருநூறு கிலோமீட்டர் அகலமானவை. நடுவுக்கும் ஓரத்துக்கும் நீர்மட்ட வேறுபாடு ஏறக்குறைய ஒரு சாண். நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்று வைத்தால் மணிக்கு 1.8 கி.மீ.; கிரிவலம் நடக்கும் பாட்டிகூட அதைவிட வேகமாக நடப்பார். நூறு கி.மீ. சுழியை ஒரு சுற்று வர ஏழு நாள் ஆகும். இந்த அகலமும் இந்த நிதானமும் இருப்பதால்தான் பேசினில் தோற்ற பூமி இங்கே ஜெயிக்கிறது. சுழியின் மேல் மிதக்கும் படகுக்கு எதுவும் தெரியாது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய சரள் போன்ற செயற்கைக்கோள்கள் அந்த ஒரு சாண் மேடு பள்ளத்தை விண்ணிலிருந்து அளந்தன.

வடகோளத்தில் இடஞ்சுழியாகச் சுழலும் கடற்சுழியில் மேல்நீர் வெளியே ஒதுங்க, ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலே வரும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே அப்படி ஒன்று உருவாகிறது. கடலாய்வாளர்கள் விநயச்சந்திரனும் யமகட்டாவும் 1998-ல் அதை விவரித்தார்கள். இலங்கைக் குவிமாடம் என்று பெயர். சத்து இருக்கும் இடத்தில் பாசி, பாசி இருக்கும் இடத்தில் மீன். வலஞ்சுழிகள் இதற்கு நேர்மாறு. அவை வெதுநீரை ஆழம்வரை சேர்த்து வைக்கும். புயல் அவற்றின் மேல் வந்தால், எவ்வளவு கலக்கினாலும் கடல் எளிதில் குளிராது, புயலுக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். 2009 மே மாதத்து ஐலா புயல் அத்தகைய வெப்பச் சுழியைக் கடக்கும்போது வலுத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

"நாம மலையூர், கடல் நமக்கெதுக்கு" என்று இங்கே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் அதன் மழையில் நம் மலைச்சரிவு வ.உ.சி. நகர் வீடுகள் மேல் இறங்கி ஏழு உயிர்கள் போயின. அதில் ஐந்து குழந்தைகள். இந்த ஊரில் இனி யாரும் கடலைத் தூரம் என்று சொல்லக்கூடாது.

கடைசியாக, ஆற்றுச்சுழி. "சுழி காலைப் பிடிச்சு இழுக்கும், வருஷத்துக்கு ஒண்ணு காவு கேக்கும்" என்கிறார்கள். சுழி எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க, வெயிலில் ஓர் அகலமான டப்பில் ஒரு சாண் தண்ணீர் வையுங்கள். தோசைத் திருப்பியைப் பாதி முங்கும்படி நிறுத்தி, மெல்ல முன்னே தள்ளி, சட்டென்று வெளியே எடுங்கள். நீர்ப்பரப்பில் இரண்டு சிறு குழிகள் ஜோடியாக நகரும். டப்பின் அடியில் அவற்றின் நிழல் கறுப்பு வட்டமாக, விளிம்பில் ஒளி வளையத்தோடு தெரியும். வலப்பக்கக் குழி வலஞ்சுழி, இடப்பக்கக் குழி இடஞ்சுழி. பாலத்தூண், பாறை, கரைமுனை எதில் தண்ணீர் மோதினாலும் சுழிகள் இப்படித்தான் பிறக்கின்றன. அங்கே யாரும் பசியோடு காத்திருக்கவில்லை.

ஆளைக் கொல்வது வேறு: ஆற்று வளைவின் வெளிக்கரையில் திடீரென்று விழும் ஆழம், மணல் அள்ளிய பள்ளம், தடுப்பணையின் அடியில் ஆளைத் திரும்பத் திரும்ப அணைப்பக்கமே புரட்டும் நீர்ச்சுருள், சாத்தனூர் அணை திறந்ததும் தென்பெண்ணையில் ஏறும் வெள்ளம். காவு என்று சொல்லிவிட்டால் இவற்றை யாரும் பார்ப்பதில்லை. மூழ்குபவரைக் காப்பாற்றக் குதித்து இன்னொருவரும் போகிறார். தயவுசெய்து குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, புடவை, மூடிபோட்ட காலித் தண்ணீர் கேன் எது கையில் இருக்கிறதோ அதை எறியுங்கள். உங்கள் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள்.